எழுத்துகளை மட்டும் உள்ளிடவும்

என் அக்கா மூன்று வருடமாக ஒரு வெப்சைட் செய்துகொண்டிருக்கிறாள். கடைக்கோ கம்பெனிக்கோ இல்லை, தன்னைப் பற்றித்தான். வேலை கேட்டுப் போகிற இடத்தில் நான் இன்னார், எனக்கு இன்னின்னது தெரியும் என்று காட்ட ஒரு பக்கம் வேண்டுமாம். வேண்டியதுதான். முடித்தால்தானே காட்டுவதற்கு? இதுவரை ஒன்பது தடவை முழுதாகக் கலைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்து, இந்த நீலம் நன்றாக இருக்கிறதா, அந்த நீலமா என்று கேட்பாள். எங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒரே நீலம். அம்மா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் பச்சை என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நான் மருந்துக் கடைக் கவுண்டரில் நிற்கிறவள். சீட்டை வாங்குவேன், மருந்தை எடுப்பேன், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பேன், அடுத்த ஆள். எடுத்த வேலை அந்த நிமிடமே முடிந்துவிடும். அப்படிப்பட்ட எனக்கு இப்படிப்பட்ட ஒருத்தியோடு ஒரே வீட்டில் குடும்பம் நடத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

இந்த வெப்சைட் வேலைக்கு முன்னால் அக்கா பதினோரு வருடம் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் இருந்தாள். டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு மகனோடு போய் இருந்துகொண்டார். வேறு கிளினிக்கில் சேர்ந்திருக்கலாம், கூப்பிடவும் செய்தார்கள். இவளோ முப்பத்தெட்டு வயதில் வெப்சைட் செய்யப் படிக்கப் போகிறேன் என்று நின்றாள். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். கிளினிக்கின் வெப்சைட்டில் ஞாயிறு விடுமுறை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி, அதைச் செய்து கொடுத்தவனுக்கு மூன்று வாரம் போன் போட்டிருக்கிறாள். அவன் எடுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து பூட்டிய கதவைப் பார்த்தவர்கள் எல்லாம் திங்கட்கிழமை இவளைத் திட்டினார்கள். ஒரு வரியை மாற்றுவது அப்படி என்ன பிரம்ம வித்தை, நானே கற்றுக்கொள்கிறேன் என்று அன்றைக்கு ஏறிய வீம்பு இன்றுவரை இறங்கவில்லை.

வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றாள். முதல் பக்கத்தில் ஒரு சொல்லை மட்டும் தடித்த எழுத்தாக்கப் போய், முடிக்கும் குறியைப் போட மறந்து, பக்கம் முழுவதும் தடித்துப்போய்ப் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஒரு பெட்டியைத் திரையின் நட்டநடுவில் நிறுத்த இரண்டு நாள் ஆனது. ஆரம்பத்தில் திரையில் சிவப்பாக எர்ரர் வந்தால் மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்துவிடுவாள். பிறகு அதை நிதானமாகப் படிக்கப் பழகினாள். "எர்ரர் நம்மளைத் திட்டலைடி, எங்க தப்புன்னு காட்டிக் குடுக்குது" என்று எனக்கே பாடம் எடுத்தாள். அப்படியென்றால் நானும் எர்ரர்தான், என்னை மட்டும் ஏன் காதில் வாங்குவதில்லை என்று கேட்டேன். 'கடைசி', 'கடைசி இரண்டு', 'உண்மையான கடைசி', 'இதுதான் கடைசி' என்று ஃபோல்டர் ஃபோல்டராகச் சேர்த்துவைத்திருந்தாள். எது கடைசி என்று அவளுக்கே தெரியாது.

பத்தொன்பது நேர்முகத் தேர்வுக்குப் போனாள். ஒரு இடத்தில் ஒரு சொல்லைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டும் நிரலை எழுதச் சொன்னார்களாம். உலகத்தில் யாருக்கு எந்தச் சொல்லைத் தலைகீழாகப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இன்னொரு இடத்தில், இங்கே எல்லாரும் சின்னப் பசங்க, உங்களுக்கு ஒத்துவருமா என்று நயமாகக் கேட்டு அனுப்பினார்கள். அவள் வீட்டுக்கு வந்து பத்தாவது நீலத்தைத் தேடினாள்.

கடைசியில் இருபதாவது இடத்தில் மூன்று மாதச் சோதனை வேலை கிடைத்தது. எதை வைத்து? அந்த ஒன்பது தடவை கலைத்த பக்கத்தை வைத்து இல்லை. எங்கள் மருந்துக் கடைக்கு ஆறு கிளைகள் இருக்கின்றன. இன்றைக்கு எது திறந்திருக்கிறது, எத்தனை மணி வரை என்று காட்ட ஏதாவது செய்து கொடு என்று ஒரு சாயங்காலம் அவளை நச்சரித்தேன். எனக்குப் போன் எடுத்து மாளவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டு மணி நேரத்தில் செய்தாள். பார்க்க லட்சணமாக இருக்காது. ஆனால் பழைய சின்னப் போனிலும் சட்டென்று திறக்கும், விரலுக்குப் பெரிய பெரிய பொத்தான். அதைத்தான் அந்தக் கம்பெனிக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். இதை நிஜமாகவே ஜனங்கள் உபயோகிக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வேலைக்கு வரச் சொன்னார்களாம். செய்ததை நாலு பேர் கண்ணில் காட்டு என்று மூன்று வருடம் நான் கத்தியது செவிடன் காதில் ஊதிய சங்கு. யாரோ சொன்னால் அது அனுபவ அறிவு.

ஆபீஸ் என்பது ஒரு நீளமான அறை, ஒரே மேஜை, எட்டுத் திரை. ஏசி காற்று நேராக இவள் கழுத்தில் அடிக்கிற மாதிரி ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது, அது இவளுக்கு. மற்ற ஏழு பேரும் இவளைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர்கள். வந்த அன்றே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். டீம் லீடருக்கு இவள் வைத்த பெயர் அர்ஜென்ட். அவர் அனுப்புகிற ஒவ்வொரு செய்தியும் அந்தச் சொல்லில்தான் ஆரம்பிக்குமாம். கெட்ட மனிதர் இல்லை, மூச்சு விட நேரம் இல்லாத மனிதர். இவள் இரண்டு வேலைகளை நாள் தாண்டிக் கொடுத்திருந்தாள். ஒன்றில் எல்லாம் முடிந்த பிறகு எழுத்தின் அளவை மாற்றிக்கொண்டிருந்தாளாம், கேட்கவே எனக்கு எரிந்தது. சோதனைக் காலம் முடிகிற வெள்ளிக்கிழமை மதியம் ஒரு ஆஸ்பத்திரிக்கான பதிவுப் பக்கத்தைக் கொடுக்க வேண்டும். அதைச் சொன்ன நேரத்தில் கொடுத்தால் நிரந்தர வேலைக்கான கடிதம், இல்லையென்றால் நன்றி வணக்கம். அர்ஜென்ட் இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் அக்கா நிஜமாகவே முடித்திருந்தாள். நம்ப முடியாமல் நானே இரண்டு தடவை கேட்டேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரை எழுதலாம், நாள் குறிக்கலாம், அனுப்பலாம். அம்மாவின் போனில் திறந்து, ஒரு தடவை பதிவு பண்ணிப் பாரும்மா என்றாள். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தன் பெயரைத் தமிழில் நிதானமாகத் தட்டினாள். கீழே சிவப்பாக ஒரு வரி வந்தது: எழுத்துகளை மட்டும் உள்ளிடவும்.

அம்மா அழித்துவிட்டு மறுபடியும் தட்டினாள். மறுபடியும் அதே வரி. "எழுத்தைத்தானே போட்டேன்? நான் என்ன கோலமா போட்டேன்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் போனை வாங்கி என் பெயரைப் போட்டேன். என்னையும் ஏற்கவில்லை. அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டு போனவள் அரைமணி நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தாள்.

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்கு 'க' என்பது எழுத்து. 'கி' என்பது ஒரு எழுத்தும் அதோடு ஒட்டிய ஒரு குறியும். 'க்' என்றாலும் அப்படித்தான், புள்ளி அதற்கு ஒரு குறி. பெயரில் எண்ணும் கண்டதும் வராமல் தடுக்க யாரோ ஒரு காவல் வரி எழுதியிருக்கிறார்கள். அந்த வரி எழுத்தை மட்டும் உள்ளே விடுகிறது, குறியைப் பார்த்தால் கதவைச் சாத்துகிறது. கொம்பு, கால், சுழி, புள்ளி எதுவும் இல்லாத பெயர் என்றால் மட்டும்தான் போகும். அப்படி நம்மில் எத்தனை பேருக்குப் பெயர் இருக்கிறது? இதைச் சரிசெய்ய அந்த வரியில் ஐந்தே ஐந்து எழுத்து சேர்த்தால் போதுமாம். ஆனால் அது இவள் எழுதிய வரி இல்லை. கம்பெனியின் பதினான்கு வெப்சைட்டுக்கும் பொதுவாக இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிற வரி.

"பல் கிளினிக்ல இருக்கறப்ப போன் வரும்டி, பேரு போக மாட்டேங்குதும்மான்னு" என்றாள். "அவங்களுக்குத் தட்டத் தெரியலைன்னு நெனச்சு நானே இங்கிலீஷ்ல போட்டுக்குவேன்." சொல்லிவிட்டு வெகுநேரம் அம்மாவின் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் எதையாவது ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலையில் அர்ஜென்டிடம் சொல்லியிருக்கிறாள். பொது வரியில் கை வைத்தால் பதினான்கு இடத்திலும் சோதித்துப் பார்க்க வேண்டும், அதற்கு இப்போது நேரம் இல்லை, வெள்ளிக்கிழமை தாண்டட்டும் என்றார். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் நாளைக்கே இதில்தானே பெயர் எழுதப்போகிறார்கள் என்று இவள் விடாமல் நின்றிருக்கிறாள். இரண்டு வருடத்தில் ஒரு புகார்கூட வரவில்லை, இப்போது மட்டும் எப்படி வந்தது என்று கேட்டுவிட்டு, அவர் எல்லார் முன்னாலும் தன் பெயரையே தமிழில் தட்டிக் காட்டினார். பச்சை டிக் விழுந்தது. ஆபீஸில் அவரைக் கூப்பிடுகிற சுருக்கப் பெயர் நாலு எழுத்து. கொம்பில்லை, காலில்லை, புள்ளியில்லை, நாலும் மொட்டை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த வரியை எழுதியவரும் அவர்தான், எழுதிவிட்டு அதே பெயரைப் போட்டுத்தான் சோதித்திருக்கிறார். இதையெல்லாம் இவள் பஸ்ஸில் வரும்போதுதான் யோசித்தாளாம். அந்த நேரத்தில் ஏழு பேர் பார்க்கிறார்களே என்று வாயடைத்துப்போய் உட்கார்ந்துவிட்டாள். அவர் போகிறபோக்கில், "வேலையை முடிங்க மேடம், முடிக்காம இருக்கக் காரணம் தேடாதீங்க" என்றாராம்.

வீட்டில் வந்து சொன்னபோது எனக்கு அர்ஜென்ட் மேல் கோபம் வரவில்லை. இவள் மேல்தான் வந்தது. அந்த மனிதர் சொன்ன கடைசி வாக்கியத்தை நான் மூன்று வருடமாகச் சொல்கிறேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறாயே, நாளைக்கு மதியம் கொடுத்துவிட்டுக் கடிதத்தை வாங்கு, அப்புறம் ஊரில் உள்ள புள்ளியை எல்லாம் காப்பாற்று என்று கத்தினேன். ஜனங்களுக்காக இவள் உருகுவதும் எனக்குத் தாங்கவில்லை.

"உனக்கு ஜனங்களைத் தெரியாது" என்றேன். "தன் பேரையே ஒழுங்கா எழுதத் தெரியாது பாதிப் பேருக்கு. இன்னைக்கு ஒரு சீட்டு வருது, கமதவலலன்னு அடிச்சிருக்கு. கூப்பிட்டுக் கூப்பிட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம். கடைசியில ஒரு அம்மா எழுந்து வந்து குமுதவல்லிங்குது."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கையால் எழுதிய சீட்டா, அச்சடித்ததா என்று கேட்டாள். அச்சடித்தது, கண் ஆஸ்பத்திரிச் சீட்டு என்றேன். அப்படி வேறு ஏதாவது பார்த்திருக்கிறாயா என்றாள்.

பார்க்காமல் என்ன? அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. நானும் என்னோடு வேலை பார்க்கிற பெண்ணும் அப்படி வருகிற பெயர்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி, மருந்து அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்திருந்தோம். கூட்டம் குறைந்த நேரத்தில் படித்துப் படித்துச் சிரிப்போம். கடையில் இன்னும் இருந்த அந்தப் பெண்ணைப் போனில் கூப்பிட்டுத் தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். தலகவத. பசபத. சலவநயகம. மரகதம. அக்கா ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் கொம்பையும் காலையும் புள்ளியையும் திருப்பிப் போட்டுக்கொண்டே வந்தாள். திலகவதி. பசுபதி. செல்வநாயகம். மரகதம். அந்தக் கண் ஆஸ்பத்திரியின் வெப்சைட் அக்கா கம்பெனியின் பதினான்கில் ஒன்று.

யாருக்கும் எழுதத் தெரியாமல் இல்லை. சரியாக எழுதிப் பார்த்திருக்கிறார்கள், சிவப்பு வரி வந்திருக்கிறது. ஒவ்வொன்றாக அழித்து அழித்துப் பார்த்து, எது போனால் கதவு திறக்கிறது என்று கண்டுபிடித்து, தங்கள் பெயருக்குத் தாங்களே மொட்டை போட்டுக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்கள். கண் பார்க்கப் போனவர்கள் கண்ணை இடுக்கிக்கொண்டு இதைச் செய்திருக்கிறார்கள். கவுண்டரில் நான் அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டுச் சிரித்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அக்கா ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், கண் ஆஸ்பத்திரியின் பதிவுப் பட்டியலைத் திறந்து தமிழில் பதிந்த பெயர்களை மட்டும் தனியாக எடுத்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு. அர்ஜென்ட் வந்து உட்கார்ந்ததும் தன் திரையை அவர் பக்கம் திருப்பி, முதல் பக்கத்தை வாய்விட்டுப் படித்தாள். பையன்கள் முதலில் சிரித்தார்கள். நாலாவது ஐந்தாவது பெயரில் சிரிப்பு நின்றதாம்.

"புகாரே வரலைன்னீங்க சார்" என்றாள். "அறுநூத்திப் பன்னெண்டு பேர் எழுதிக் குடுத்திருக்காங்க. நாமதான் படிக்கலை."

அவர் மவுஸை வாங்கித் தானே கீழே இறக்கிக்கொண்டு போனார். பாதி தூரம் போய் நிறுத்திவிட்டார். ஆனைக்கும் அடி சறுக்கும், ஆனால் சறுக்கியதை ஒப்புக்கொள்கிற ஆனையை நான் அதிகம் பார்த்ததில்லை. இவர் ஒப்புக்கொண்டார். புது ஆஸ்பத்திரிக்காரர்களைக் கூப்பிட்டுத் திங்கட்கிழமை தருகிறோம் என்றார், அவர்கள் போட்ட சத்தம் மேஜையின் இந்தக் கோடிவரை கேட்டதாம். தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று மேலே இருந்து கேட்டதற்கு, நான் எழுதிய வரி என்று பதில் போட்டார். ஐந்து எழுத்தைச் சேர்க்க ஒரு நிமிடம். பதினான்கு இடத்திலும் விதவிதமான பெயர்களைப் போட்டுச் சோதித்து முடிக்கச் சாயங்காலம் ஆனது. ஏழு பேரும் தங்கள் தங்கள் அம்மாவின் பெயரைப் போட்டுத்தான் பார்த்தார்களாம்.

அதோடு முடிந்ததா? இல்லை. இனிமேல் வருகிற பெயர் சரியாக வரும், ஏற்கெனவே மொட்டையடித்த பெயரை யார் சரிசெய்வது? இயந்திரத்தால் முடியாது. 'ரண' என்று ஒருத்தி இருக்கிறாள். ராணியா, ரேணுவா, அவளைக் கேட்டால்தான் தெரியும். கண் ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொன்னதும், நீங்களே ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுக் கேட்டுத் திருத்துங்கள் என்று விட்டார்கள். யார் செய்வது என்று அர்ஜென்ட் கேட்டார். எல்லாரும் அவரவர் திரையை உற்றுப் பார்த்தார்கள். அப்புறம் எல்லாரும் இவளைப் பார்த்தார்கள்.

என் அக்கா வாழ்நாளில் தனக்கென்று எதையும் வாய் திறந்து கேட்டவள் இல்லை. அன்றைக்குக் கேட்டாள். நான் செய்கிறேன், ஆனால் சோதனைக்கு வந்தவளாக இருந்து செய்ய மாட்டேன், முதலில் கடிதம் என்றாள். அந்தப் பழைய இரண்டு வேலைகளால் நேரத்துக்கு முடிக்காதவர் என்று மேலே ஏற்கெனவே போய்விட்டதே என்று அவர் இழுத்தாராம். இவள் பெயர்ப் பட்டியலை மூடி வைத்துவிட்டாள். ஆறு மணிக்குக் கடிதத்தோடு வந்தார்.

கடிதத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு என்னிடம் நடந்ததைச் சொன்னாள். நான் வாழ்த்துச் சொல்லியிருக்க வேண்டும். மூன்று வருடம் தலையால் தண்ணீர் குடித்துப் படித்துவிட்டு, முதல் வேலையாக அறுநூறு பேருக்குப் போன் போடப் போகிறாயா, இதற்கு அந்தப் பல் டாக்டர் மேஜையே போதாதா என்றுதான் என் வாயில் வந்தது. அவள் சிரித்தாள். எனக்கு இன்னும் கோபம் வந்தது.

சனிக்கிழமை ஆபீஸ் கிடையாது. ஆனாலும் பத்து மணிக்கு மடிக்கணினியைத் திறந்து வைத்து, ஆபீஸ் கொடுத்த போனை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். நான் கிளம்புகிற அவசரத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். முதல் எண்ணைப் போட்டாள். அந்தப் பக்கம் எடுத்தது வயதான பெண் குரல், எனக்கு நன்றாகவே கேட்டது. கம்பெனியிலிருந்து பேசுகிறேன், ஆஸ்பத்திரிப் பதிவில் உங்கள் பெயர் தவறாக இருக்கிறது, சரியான பெயரைச் சொல்கிறீர்களா என்று அக்கா கேட்டாள்.

அந்தக் குரல் பதறியது. "மன்னிச்சிடும்மா. எனக்குப் போன்ல ஒழுங்கா எழுத வராது. என் பொண்ணு அப்பவே திட்டினா."

நான் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"இல்லைங்கம்மா" என்றாள் அக்கா. "நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க. எங்களுக்குத்தான் அதைப் படிக்கத் தெரியலை. தப்பு எங்க மேல. உங்க பொண்ணுகிட்டயும் சொல்லிடுங்க."

பிறகு அந்த அம்மா தன் பெயரைச் சொன்னாள். ஒருமுறை சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே இன்னொரு முறையும் சொன்னாள்.